யாருக்கு யார் சுருதி சேர்ப்பது?



இந்தோனேசியாவில் ஜாவா, பாலி தீவுகளில் கமெலான் என்று ஒரு இசை இருக்கிறது. வெண்கலக் கட்டைகள், கவிழ்த்த சட்டி மாதிரி மணிகள், பெரிய பெரிய காங்குகள் எல்லாம் சேர்ந்தது. இதை இப்போது சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு ஒரே மேடையில் வாசிக்கிறார்கள். 2002-இல் பாலியில் குண்டு வெடித்து இறந்தவர்களை நினைத்து இவான் ஜிபோரின் என்பவர் அடுத்த வருடமே 'ங்காபென்' என்று ஒன்று எழுதினார். ஆர்கெஸ்ட்ராவும் கமெலானும் சேர்ந்து வாசிப்பது அது. எல்லோரும் கை தட்டுகிறார்கள். நானும் தட்டுவேன். ஆனா எனக்கு ஒரு கேள்வி இருக்கு. யார் சுருதிக்கு யார் சேரணும்?

ஆர்கெஸ்ட்ராக்கள் எந்த ஊராக இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே சுருதிதான். கமெலான் அப்படி இல்லை. ஒரு செட்டைச் செய்யும்போதே அதற்கென்று தனி சுருதி வைத்துவிடுவார்கள். இன்னொரு செட்டிலிருந்து ஒரு கட்டையை எடுத்துப் போட்டால்கூடச் சேராது. ஸ்லெண்ட்ரோ என்றால் 5 சுரம், பெலோக் என்றால் 7 சுரம். பியானோ கட்டைகளில் இரண்டுமே சரியாகக் கிடைக்காது. பாலியில் இன்னும் வேடிக்கை. ஜோடி வாத்தியங்களில் ஒன்றை வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றி, மற்றதைக் கொஞ்சம் இறக்கி வைப்பார்கள். இரண்டையும் சேர்த்து அடிச்சா சத்தம் நடுங்கும். அதற்குப் பெயர் ஓம்பாக், அதாவது அலை. தெரியாதவங்க "சுருதி சேரலையே" என்பாங்க. அந்த நடுக்கம் இல்லாட்டி வாத்தியத்துக்கு உயிரே இல்லை என்பது அவர்கள் எண்ணம்.

வயலின்காரர் விரலைக் கொஞ்சம் நகர்த்தினால் சுரம் மாறிவிடும். வெண்கலத்தை மாற்ற அரத்தால் ராவ வேண்டும். ராவிய உலோகம் திரும்பி வருமா? அதனால ஆர்கெஸ்ட்ராதான் இறங்கி வரணும் என்பது என் கட்சி. முடியாத காரியம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் லூ ஹாரிசன் 1987-இல் பியானோவுக்கும் ஜாவா கமெலானுக்கும் ஒரு கான்செர்ட்டோ எழுதினார். அதற்காகக் கமெலானைத் தொடவே இல்லை. பியானோவைத்தான் கமெலானுக்குத் தகுந்தபடி மாற்றிச் சுருதி சேர்க்க வேண்டும். பியானோவில் 200-க்கும் மேல் கம்பிகள் இருக்கு!

1889-இல் பாரிஸ் கண்காட்சியில் ஜாவா கிராமம் போல ஒன்றைக் கட்டி, அங்கிருந்து ஆட்களைக் கூட்டிவந்து ஆடவும் வாசிக்கவும் வைத்தார்கள். அப்போ ஜாவா டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அதைக் கேட்டு டெபுஸ்ஸி என்ற பெரிய இசையமைப்பாளர் மயங்கிப் போனார். அவர் காது கொடுத்துக் கேட்டார், சரி. இன்றைக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் நாலு காங்கை அடுக்கி, இரண்டு தடவை 'டொய்ங்' என்று அடித்துவிட்டு கமெலான் சேர்ந்த இசை என்று சொன்னால், அதுவும் அதே கண்காட்சிதான்.

"ஜாவாக்காரங்களே மாத்திக்கிறாங்களே" என்று என் தோழி சண்டைக்கு வருகிறாள். உண்மைதான். சம்பூர்சாரி பாட்டுகளில் கீபோர்டு சேர வேண்டும் என்று கமெலானையே மேற்கத்திய சுருதிக்கு அமைக்கிறார்கள். அது அவங்க வீடு, அவங்க இஷ்டம். விருந்துக்குக் கூப்பிட்டவங்க அதைக் கேட்கலாமா?

இன்னொன்று. ஆர்கெஸ்ட்ராவுக்குக் கண்டக்டர் உண்டு (பஸ் கண்டக்டர் இல்லை). கமெலானில் குச்சியை ஆட்டி நடத்த ஆள் கிடையாது. கெண்டாங் என்ற மேளத்தின் அடியைக் கேட்டுத்தான் எல்லோரும் வேகத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஒரு தடவையாவது அந்தக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஆர்கெஸ்ட்ரா முழுக்க மேளத்தைக் கேட்டு வாசிக்கட்டும். அதை நான் கேட்கணும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி