'புற்றுநோய் செல்லைக் கொன்ற இலைச்சாறு'... அப்போ மருந்து ரெடியா?

போடிநாயக்கனூர்னாலே ஏலக்காய் வாசம்தான். ஆனால் போடிமெட்டு பக்கம் ஏறும் அந்த மலைச்சரிவு, செடிகளை ஆராய்கிறவர்களுக்கும் ஒரு புதையல். மேற்குத் தொடர்ச்சி மலையில் பறித்த ஏதோ ஒரு இலையின் சாறு 'புற்றுநோய் செல்களை அழித்தது' என்று அடிக்கடி ஆய்வுக்கட்டுரை வருகிறது. கட்டுரையில் தப்பில்லை. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்து சேரும்போது அது 'கீமோ வேண்டாம், இந்த இலை போதும்' என்று ஆகிவிடுகிறது. சிக்கலே அங்கேதான்.

லேபில் என்னதான் நடக்கிறது?

நிழலில் உலர்த்திய இலையைப் பொடித்து, பெரும்பாலும் மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி ஆவியாக்கினால் ஒரு பசை மிஞ்சும். (வீட்டில் நாம் போடுவது தண்ணீர்க் கஷாயம். இரண்டும் ஒன்றல்ல.) முதலில் ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனை. டிபிபிஎச் என்ற ஊதாக் கரைசலில் சாறைக் கலந்ததும் நிறம் வெளுத்து மஞ்சளானால் பாஸ். டீத்தூளும் கறிவேப்பிலையும்கூட இதில் பாஸ்தான்!

சரி, ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் புற்றுநோய் வராதா? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% அதிகமாக வந்திருந்தது.

அடுத்தது எம்டிடி சோதனை. பிளாஸ்டிக் தட்டின் குட்டிக் குழிகளில் புற்றுநோய் செல்களை வளர்த்து, சாறை ஊற்றி, எத்தனை செல் பிழைத்தது என்று பார்ப்பார்கள். தட்டில் இருக்கும் செல்லை பிளீச்சிங் பவுடரும் கொல்லும். எனவே கேட்கவேண்டியது இரண்டு: எவ்வளவு குறைந்த அளவில் கொன்றது? நல்ல செல்லை விட்டுவைத்ததா? இந்த இரண்டாவது கேள்விக்குப் பல கட்டுரைகளில் பதிலே இருக்காது. அதற்குப் பிறகு எலி, அப்புறம் மனிதர்கள் என்று வருடக்கணக்கில் போகும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1982 வரை சுமார் 35,000 தாவர மாதிரிகளைச் சோதித்தது. மருந்தாகத் தேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

அப்போ எல்லாமே வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. நம்ம ஊர் வாசலில் பூக்கும் நித்யகல்யாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களில் ஜமைக்காவிலிருந்து சர்க்கரை நோய்க்கான இலை என்று கனடாவுக்குப் போனது. அங்கே ராபர்ட் நோபல், சார்லஸ் பீர் இருவரும் சோதித்தபோது எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள் குறைந்தன. அந்தத் துப்பிலிருந்து வின்பிளாஸ்டின் வந்தது. அதே செடியிலிருந்து பின்னர் கிடைத்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்து.

ஆனால் மலைபோல் குவித்த காய்ந்த இலையிலிருந்து கிடைப்பது மிகக் கொஞ்சம் வின்கிரிஸ்டின்தான். நோயாளிக்கு ஒரு தடவை ஏற்றுவது பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்குள். அதுவும் ரத்தக்குழாய் வழியாக மட்டுமே; கொஞ்சம் கூடினாலும் நரம்பைப் பாதிக்கும். இலையை மென்று தின்றால் எவ்வளவு உள்ளே போகும் என்று யாருக்குத் தெரியும்?

சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களின் மரண ஆபத்து சுமார் 2.5 மடங்கு என்றது யேல் பல்கலைக்கழகத்தின் 2017 ஆய்வு. கீமோவோடு சேர்த்து இலைச்சாறும் குடிப்பவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. மருந்தின் வேலையை அது மாற்றக்கூடும்.

புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய 1954-ம் வருடச் சட்டமே தடை போட்டிருக்கிறது. யூடியூபில் ஒருமுறை தேடிப் பாருங்கள், அந்தச் சட்டத்தை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்று தெரியும்.