உப்பு பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்

பிள்ளைக்கு ஞாபக சக்தி வளர வேண்டும் என்று டப்பா டப்பாவாகச் சத்துமாவு வாங்குகிறோம். பரீட்சை வந்தால் வல்லாரை, ஊறவைத்த பாதாம். அதே வீட்டில் அயோடின் கலந்த உப்பை ஒதுக்கிவிட்டு, "இயற்கையானது" என்று வெறும் கல்லுப்பை வாங்கி வைக்கிறோம். கொஞ்சம் வசதியிருந்தால் இந்துப்பு. பெற்றோரே, இதில் எனக்கு உண்மையிலேயே கோபம். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை நம்பி, குழந்தையின் மூளைக்கு வேண்டியதை நாமே நிறுத்தியிருக்கிறோம்.

அயோடின் இல்லாமல் தைராய்டு சுரப்பியால் தன் ஹார்மோனைச் செய்ய முடியாது. உடம்பு அயோடினைத் தானாக உண்டாக்கிக்கொள்ளாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 5 வயது வரை நாளுக்கு 90 மைக்ரோகிராம், 6 முதல் 12 வயதுக்கு 120, அதற்கு மேல் 150, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250. ஆயுசு முழுவதற்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன்தான்; ஆனால் அது நாள் தவறாமல் வேண்டும். குறைந்தால் கழுத்தில் கழலை வருவது கண்ணுக்குத் தெரியும். பிள்ளை சோர்ந்து படிப்பில் பின்தங்குவதற்கு இது காரணமாக இருந்தால் அது தெரியாது. "கவனமே இல்லை" என்று பிள்ளையைத்தான் திட்டுவோம்.

கடல் உப்பில் அயோடின் இருக்காதா என்று கேட்கிறீர்கள். கடல்நீரில் உண்டு, மிகக் கொஞ்சமாக. உப்பளப் பாத்தியில் நீர் வற்றி உப்பு படியும்போது அயோடின் அதோடு சேர்ந்து படிவதில்லை. மிச்சம் நிற்கும் கசப்பு நீரில் தங்கிவிடுகிறது, கொஞ்சம் காற்றோடு போகிறது. வாரிக் குவிக்கும் வெள்ளை உப்பில் இருப்பது பேருக்குத்தான். அதனால்தான் பொட்டாசியம் அயோடேட்டைக் கரைத்து உப்பின்மேல் தெளிக்கிறார்கள். நம் கைக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம். தூத்துக்குடியும் வேதாரண்யமும் இருக்கிற மாநிலம் நம்முடையது. அப்படியிருந்தும் 2018-19இல் எடுத்த தேசிய ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைச் சமையலுக்கு வைத்திருந்த வீடுகள் இங்கே 61.9 சதவீதம்தான். நாட்டின் சராசரி 76.3. நாம் கடைசி வரிசையில் நிற்கிறோம்.

"எங்கள் பாட்டி அயோடின் உப்பா சாப்பிட்டாள்?" கடலோரத்துப் பாட்டிக்கு மீன் இருந்தது. மலைப்பக்கத்துப் பாட்டிகள் எத்தனையோ பேர் கழலையோடு வாழ்ந்தார்கள். 1956இல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியின் குழு ஊர்களை மூன்று பகுதியாகப் பிரித்து, இரண்டு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்கு வெறும் உப்பும் கொடுத்தது. ஆறு வருஷத்தில் அந்த இரண்டு பகுதிகளிலும் பள்ளிப் பிள்ளைகளின் கழலை வெகுவாகக் குறைந்தது. வெறும் உப்பு சாப்பிட்ட பகுதியில் அப்படிக் குறையவில்லை.

கல்லுப்புதான் வேண்டுமென்றால் அயோடின் தெளித்த கல்லுப்பும் கடையில் இருக்கிறது. ஆனால் அதை அலசாதீர்கள். நாலு கறுப்புத் துரும்பைப் பார்த்ததும் தண்ணீர் விட்டு அலசிக் கொட்டுகிறோமே, கல்லின் மேலே ஒட்டியிருக்கும் அயோடினும் அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது. மூடியில்லாத ஜாடியை அடுப்புப் பக்கத்தில் வைத்து ஈரக் கரண்டியை விடுவதும் வேண்டாம். குழம்பு இறக்கப் போகும் நேரத்தில் உப்புப் போட்டால் போதும்.

உப்பைக் கூட்டச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. அதனால்தான் மற்ற சாப்பாடும் முக்கியம். கடல் மீன், இறால், நண்டு இவற்றில் அயோடின் நன்றாகவே உண்டு. ஆற்று மீனில் குறைவு. முட்டை, பால், தயிரிலும் கிடைக்கும். கீரை காய்கறியில் இருப்பது விளைந்த மண்ணைப் பொறுத்தது, அதை நம்பி இருக்க முடியாது. சைவ வீட்டுப் பிள்ளை பாலும் தயிரும் வேண்டாமென்று தள்ளினால் மிச்சம் உப்பு ஒன்றுதான். கம்பும் மரவள்ளியும் நல்ல உணவுகள்தான். ஆனால் அயோடின் குறைவாக இருக்கும் உடம்பில், அவற்றையே முக்கிய உணவாகச் சாப்பிட்டால், தைராய்டின் வேலையை இன்னும் தடுக்கும். சிறுதானியத்துக்கு மாறிய வீடுகளைக் கேட்கிறேன்: அந்தக் கம்பங்கூழில் எந்த உப்பைப் போடுகிறீர்கள்?

வீட்டில் ஒருவர் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார் என்பதற்காக எல்லோருடைய உப்பையும் மாற்றாதீர்கள். அவருக்கு எது சரி என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். மகளோ மருமகளோ கர்ப்பமாக இருந்தால் அயோடின் உப்புக்கு மாறுவதை வளைகாப்பு வரை தள்ளிப்போடவும் வேண்டாம். முதல் மூன்று மாதம் கருவிலிருக்கும் குழந்தைக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் கதி. கல்யாணம் ஆனதிலிருந்தே அவள் சாப்பிடும் சாப்பாட்டில் அயோடின் உப்பு இருக்க வேண்டும்.

இன்று கடைக்குப் போனால் பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். "அயோடின் கலந்தது" என்று இல்லையா, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள்.