கேமராவுக்கு முன்னாடி ஊசியைப் பாருங்க

போன மாசம் ஆபீஸ்ல பக்கத்து சீட்டுத் தம்பி ஒருத்தன் ரகசியமா கூப்பிட்டான். "அண்ணா, ஸ்கூபா கோர்ஸ் முடிச்சு கார்டு வாங்கிட்டேன். போனஸ் வேற வந்திருக்கு. சாமான் வாங்க லிஸ்ட் போட்டிருக்கேன், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" அப்படின்னான்.

பாத்தேன். தண்ணிக்கடியில படம் எடுக்குற கேமரா. அதுக்கு ரெண்டு லைட்டு. கால்ல கட்டிக்கிற கத்தி (யாரைக் குத்தப் போறான்னு தெரியல). கலர் ஸ்கிரீன் வச்ச டைவ் கம்ப்யூட்டர். முகத்துல மாட்டுற மாஸ்க் மட்டும் லிஸ்ட்லயே இல்ல. கேட்டா, "அதெல்லாம் அங்கயே வாடகைக்குக் குடுப்பாங்கல்ல?"ங்குறான்.

வழக்கமா நான் இதுக்கெல்லாம் நல்லா ஓட்டிருப்பேன். அன்னைக்கு வாய் வரல. ரெண்டு வருஷம் முன்னாடி நான் போட்ட லிஸ்ட்டும் கிட்டத்தட்ட இதேதான்.

அதனால என் கருத்தை மொதல்லயே சொல்லிடறேன். ஸ்கூபால எந்தச் சாமான் வாங்கறதுங்கிறது ரெண்டாவது கேள்வி. மாட்டியிருக்குற சாமான் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியுமாங்கிறதுதான் மொதக் கேள்வி. வாடகைச் சாமானைப் புரிஞ்சு மாட்டுறவன், லட்ச ரூபா சாமானைப் புரியாம மாட்டுறவனை விடப் பத்திரமா மேல வருவான்.

எங்கே தப்பு ஆரம்பிக்குதுன்னா, முதுகுல இருக்குற சிலிண்டர்லயே ஆரம்பிக்குது. நம்ம ஊர்ல பேப்பர்லயும் சரி, சினிமாலயும் சரி, அதுக்குப் பேரு ஆக்சிஜன் சிலிண்டர். இல்லீங்க! அதுக்குள்ள இருக்குறது நீங்களும் நானும் இப்ப இழுத்துட்டு இருக்குற அதே சாதாரணக் காத்து. வடிகட்டி, ஈரம் எடுத்து, அமுக்கி அடைச்சது. சுத்தமான ஆக்சிஜனை எடுத்துக்கிட்டு ஆறு மீட்டருக்குக் கீழ போனா அது விஷம் மாதிரி. வலிப்பு வரும், தண்ணிக்குள்ள வலிப்பு வந்தா ஆள் அவ்வளவுதான்.

அந்தக் காத்து எவ்வளவு நேரம் வரும்? இது கணக்கு. பொட்டி தட்டுற நமக்குக் கணக்கு சொன்னாத்தான் புரியும். வழக்கமா குடுக்குற அலுமினிய சிலிண்டரோட உள்ளளவு சுமார் 11 லிட்டர். 200 பார் அழுத்தத்துல அடைச்சா 2200 லிட்டர் காத்து. 50 பாரை ஆபத்துக்குன்னு ஒதுக்கிட்டா கையில இருக்குறது 1650 லிட்டர். மேல ஒரு ஆளு நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்குறான்னு வைங்க. ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கறப்பவும் அழுத்தம் ஒரு மடங்கு கூடும். 10 மீட்டர்ல ரெண்டு மடங்கு, 20 மீட்டர்ல மூணு மடங்கு. அதனால 10 மீட்டர்ல நிமிஷத்துக்கு 40 லிட்டர் செலவு, சிலிண்டர் சுமார் 41 நிமிஷம் வரும். 20 மீட்டர்ல 60 லிட்டர் செலவு, 27 நிமிஷந்தான். அதே சிலிண்டர், அதே ஆளு. பயந்து வேகவேகமா இழுத்தா இன்னும் சீக்கிரம் காலி.

அடுத்தது ரெகுலேட்டர். 200 பார் காத்தை நேரா வாயில விட்டா நுரையீரல் கிழிஞ்சிடும். அதனால ரெண்டு படியில குறைக்குறாங்க. சிலிண்டர் தலையில மாட்டுற முதல் படி, சுத்தியிருக்குற தண்ணியோட அழுத்தத்தை விட சுமார் 10 பார் அதிகமா இருக்குற அளவுக்குக் கொண்டு வரும். வாயில கடிச்சுக்கிற ரெண்டாவது படில ஒரு ரப்பர் சவ்வு இருக்கு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உங்க வாய். நீங்க மூச்சு இழுத்ததும் சவ்வு உள்ள வளைஞ்சு ஒரு நெம்புகோலை அமுக்கும், வால்வு திறக்கும், காத்து வரும். இழுக்குறதை நிறுத்தினா மூடிக்கும். அம்புட்டுதான். எந்த ஆழத்துல இருந்தாலும் அந்த ஆழத்தோட அழுத்தத்துலயே காத்து கிடைக்கும்.

இதை 1943-ல பிரான்ஸ்ல செஞ்சவங்க ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும். கன்யான் நம்ம ஜாதி, அதாவது இன்ஜினியர் ஜாதி. போர்க்காலத்துல பெட்ரோல் கிடைக்கலன்னு காரை வாயுவுல ஓட்ட அவர் வச்சிருந்த வால்வுதான் இதுக்கு அடிப்படை. இன்னும் ஒரு அழகான விஷயம், இப்ப வர்ற ரெண்டாவது படி பெரும்பாலும் கெட்டுப் போனா மூடிக்காது, திறந்துக்கும். காத்து கொட்டும், ஆனா நிக்காது. கெட்டாலும் ஆளைக் கொல்லாத மாதிரி கெடணும்னு யோசிச்சு வடிவமைச்சிருக்காங்க. நான் எழுதுற கோடெல்லாம் அப்படியா இருக்குன்னு கேக்காதீங்க.

சரி, இவ்வளவு யோசிச்சுச் செஞ்ச சாமான் ஒழுங்கா வேலை செய்ய ஒண்ணே ஒண்ணு வேணும். சிலிண்டர் வால்வு முழுசாத் திறந்திருக்கணும். இப்பக் கொசுவத்தியைச் சுத்திக்கங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி டிசம்பர். அந்தமான் ஹேவ்லாக் தீவு (2018 கடைசியில இருந்து அரசாங்கப் பேரு ஸ்வராஜ் த்வீப்). நானும் தங்கமணியும் கல்யாணம் ஆன புதுசு. ரெண்டு பேரும் சேர்ந்தே கோர்ஸ் முடிச்சோம், அதாவது 18 மீட்டர் வரைக்கும் போகலாம். அன்னைக்கு கோர்ஸ் முடிஞ்சு மூணாவது முழுக்கு. என் கையில புதுக் கேமரா.

படகுல இருந்த பையன் எல்லாச் சாமானையும் பூட்டி வச்சிருந்தான். குதிக்கிறதுக்கு முன்னாடி ஜோடியா இருக்குறவங்க ஒருத்தர் சாமானை ஒருத்தர் சோதிக்கணும். ஜாக்கெட்டுல காத்து ஏறுதா, இறங்குதா, எடை சரியா மாட்டியிருக்கா, கிளிப்பெல்லாம் எங்க இருக்கு, மூச்சு வருதா. கோர்ஸ்ல இதை மனப்பாடம் பண்ண வச்சாங்க. நான் என்ன பண்ணேன்? கேமரா உறையில தண்ணி புகாம இருக்க ரப்பர் வளையத்துக்கு கிரீஸ் தடவிட்டே, தங்கமணி கேஜை எட்டிப் பாத்தேன். 200 பார். "எல்லாம் ஓகே" ன்னு கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளைச்சுக் காட்டிட்டுக் குதிச்சுட்டேன்.

16 மீட்டர்ல ஒரு லயன்ஃபிஷ். நான் அதைப் படம் எடுத்துட்டு இருக்கேன். தங்கமணி என் தோளைத் தட்டி, உள்ளங்கையைக் கீழ வச்சு இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினா. அதுக்கு "ஏதோ சரியில்ல"ன்னு அர்த்தம். கோர்ஸ்ல படிச்சதுதான். ஆனா நான், மீன் எப்படி அசைஞ்சு நீந்துது பாருன்னு சொல்றாப்ல இருக்குன்னு நினைச்சு, ஓகே காட்டிட்டுத் திரும்ப கேமராவுக்குள்ள போயிட்டேன்.

நல்லவேளை, முன்னாடி போயிட்டு இருந்த கைடு திரும்பிப் பாத்தார். நேரா வந்து தன்னோட மஞ்சள் கலர் உபரி ரெகுலேட்டரை அவ வாயில குடுத்தார். அவளோட கேஜைக் கையில எடுத்து, அவ ரெகுலேட்டர்ல காத்தை விட்டுப் பாத்தார். ஊசி 150-ல இருந்து தடால்னு விழுந்து திரும்ப ஏறுச்சு. அவ முதுகுப் பக்கம் போய் வால்வைத் திறந்தார். மொத்தமே அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷமும் நான் கேமராவைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா மிதந்தேன்.

என்ன நடந்துச்சுன்னா, வால்வு லேசாத்தான் திறந்திருந்தது. அதனால மேல எல்லாம் சரியா இருக்குற மாதிரியே தெரிஞ்சது. யாரும் மூச்சு இழுக்காதப்ப ஊசி 200 தான் காட்டும், ஏன்னா அந்தச் சின்ன இடுக்கு வழியா அழுத்தம் வந்து நிரம்பிடும். படகுல உக்காந்து மெதுவா ஒரு இழுப்பு இழுத்தாலும் காத்து வரும். ஆனா 16 மீட்டர்ல ஒவ்வொரு மூச்சுக்கும் மேல இருக்குறதை விட 2.6 மடங்கு காத்து அந்த இடுக்கு வழியா வரணும். வராது. இழுக்க இழுக்க இறுகும். அதுவும் சிலிண்டர்ல காத்து குறையக் குறைய மோசமாகும்.

வால்வை முழுசாத் திறந்துட்டு கால் சுத்து திருப்பி வைக்குற பழைய பழக்கம் ஒண்ணு இருக்கு. திறந்திருக்குன்னு நினைச்சு யாராச்சும் எதிர்ப் பக்கம் திருப்பினா, மூடிட்டுக் கால் சுத்து திறந்த மாதிரி ஆயிடும். அதனாலதான் இப்ப முழுசாத் திற, இல்லாட்டி முழுசா மூடு, நடுவுல வேணாம்னு சொல்லிக் குடுக்குறாங்க. படகுப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலைல பத்து சிலிண்டர் பூட்டுறவன் அவன். சோதிக்க வேண்டிய ஆளு நான்.

படகுல ஏறி ரொம்ப நேரம் தங்கமணி பேசல. அப்புறம் கேட்டது ஒரே கேள்விதான். "என் ரெகுலேட்டர்ல என்னை ஒரு தடவை மூச்சு இழுக்கச் சொல்லிப் பாத்தீங்களா?"

ஒரு வரி கோடு மாத்தினாக்கூட ரெண்டு பேர் பாத்தாத்தான் ரிலீஸ் பண்ணுவேன்னு ஆபீஸ்ல சண்டை போடுற ஆளு நான். பதில் சொல்ல முடியல.

அந்தச் சோதனைக்கு ஆகுறது இருபது செகண்ட். மூணு நாலு தடவை ஆழமா இழுத்து மூச்சு விடணும், கண்ணு கேஜ் ஊசி மேலயே இருக்கணும். ஊசி அசையக் கூடாது. இழுக்கறப்ப இறங்கி, விட்டதும் ஏறுச்சுன்னா வால்வு சரியாத் திறக்கலன்னு அர்த்தம். இறங்காதீங்க.

இப்ப வாங்குற விஷயத்துக்கு வருவோம். தம்பி லிஸ்ட்டை நான் மாத்திக் குடுத்த வரிசை இது.

1. மாஸ்க். மொதச் செலவு இதுதான். ஏன்னா உங்க முகம் உங்க முகம் மட்டும்தான். பட்டையை மாட்டாம முகத்துல வச்சு மூக்கால லேசா உறிஞ்சுங்க. கையை எடுத்தாலும் விழாம ஒட்டிட்டு நின்னா அது உங்களுக்கானது. விழுந்துச்சுன்னா எவ்வளவு பெரிய பிராண்டா இருந்தாலும் வேணாம். மீசை வச்சிருக்குற சிங்கங்களே, மூக்குக்குக் கீழ ஒரு கோடு மட்டும் மழிச்சுக்கங்க, முடி வழியாத்தான் தண்ணி கசியும். என்னை மாதிரி சோடாபுட்டிக் கேஸுங்க பவர் கண்ணாடி மாத்தி மாட்டக்கூடிய மாடலாப் பாருங்க. நான் மைனஸ் 3.5. வாடகை மாஸ்க்ல எனக்குக் கேஜ் ஊசியே மங்கலாத்தான் தெரியும், எதைச் சோதிக்கிறது? நீச்சல் கண்ணாடி ஆகாது, அதுல மூக்கு வெளிய இருக்கும், உள்ள அழுத்தத்தைச் சமன் பண்ண முடியாது.

2. காலுக்கு பூட்டீஸ், உடம்புக்கு வெட்சூட். அந்தமான் மாதிரி வெதுவெதுப்பான கடலுக்கு 3 மில்லிமீட்டர் போதும். இதுவும் அளவு விஷயம்தான். தொளதொளன்னு இருந்தா தண்ணி உள்ள வந்து வந்து போகும், குளிர் எடுக்கும்.

3. டைவ் கம்ப்யூட்டர். இது ஆடம்பரம் இல்ல. உடம்புல எவ்வளவு நைட்ரஜன் சேருது, இன்னும் எவ்வளவு நேரம் இந்த ஆழத்துல இருக்கலாம், ரொம்ப வேகமா ஏறுறோமான்னு சொல்லும். கலர் ஸ்கிரீன் தேவையில்ல. பெரிய எழுத்து, புரியுற மெனு போதும். வாங்கிட்டு கையேட்டைப் படிங்க, அது கத்தறப்ப ஏன் கத்துதுன்னு தெரியணும்.

4. ரெகுலேட்டர், ஜாக்கெட். வருஷத்துக்கு ஒரு தடவை கடலுக்குப் போற நமக்கு வாடகையே நல்லது. சொந்தமா வாங்கினா கம்பெனி சொல்ற கெடுவுல சர்வீஸ் பண்ணியே ஆகணும். வீட்டுப் பரண்ல மூணு வருஷம் கிடந்த சொந்த ரெகுலேட்டரை விட, தினமும் ஓடுற, ஒழுங்கா சர்வீஸ் ஆகுற வாடகை ரெகுலேட்டர் மேல். கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணீங்கன்னு கடைக்காரர்கிட்ட கேளுங்க. கேட்டா கோவிச்சுக்குற கடைக்குப் போகாதீங்க.

5. சிலிண்டர் வாங்கவே வேணாம். காலியாவே சுமார் 14 கிலோ, அழுத்தம் ஏத்தி விமானத்துல கொண்டு போகவும் விட மாட்டாங்க.

கேமரா? நிதானமா ஒரே ஆழத்துல அசையாம மிதக்கத் தெரிஞ்சதுக்கு அப்புறம். பக்கத்துல இருக்குற ஆளு கையை ஆட்டினா அது உங்க கண்ணுல படுற அளவுக்கு மனசு காலியா இருக்கணும்.

தம்பி கேட்டுட்டு, "அப்ப கத்தியாச்சும் வாங்கட்டுமாண்ணா?" ன்னான். முடியல... வலையில மாட்டினா அறுக்கச் சின்னதா ஒரு கத்தரி போதும்டான்னு சொன்னேன். போன வாரம் மாஸ்க் வாங்கிட்டு வந்து ஆபீஸ் கேன்டீன்லயே மூக்கால உறிஞ்சிக் காட்டினான். நல்லாவே ஒட்டுச்சு.

நாங்க அதுக்கப்புறம் ரெண்டு தடவை கடலுக்குப் போயிட்டோம். என் சாமானை தங்கமணி சோதிக்கிறா, அவ சாமானை நான் சோதிக்கிறேன். ஊசியைப் பாத்துட்டே நாலு மூச்சு. கேமரா வீட்லயே இருக்கு. அந்த லயன்ஃபிஷ் வீடியோவும் அதுலயே இருக்கு. இன்னும் நாங்க போட்டுப் பாக்கல.

டிஸ்கி: அடியேன் பயிற்சியாளர் இல்ல. இதைப் படிச்சுட்டு நேரா கடல்ல குதிக்காதீங்க, முறையா கோர்ஸ் படிங்க. ஏற்கெனவே முழுகுற மக்கள், நான் சொன்னதுல தப்பு இருந்தா தாராளமா குட்டுங்க, வாங்கிக்கறேன்.