விளையாட்டுத் தகடுகளின் அடையாளக் குறிகள்

சேலத்தினின்று ஏற்காட்டிற்குச் செல்லும் சாலையில், மலையேறுமுன், மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் பழைய வளைவு வாயிலை நம்மவர் பலர் கண்டிருப்பர். டி. ஆர். சுந்தரம் அவர்கள் 1935-இல் நிறுவிய அந்நிலையத்தார் எடுத்ததே, முதல் மலையாளப் பேசும் படமாகிய ‘பாலன்’. அது வெளிவந்த ஆண்டு 1938. அதன் படச்சுருள் ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை. பொழுதுபோக்குப் பொருளை யார் பேணுவர்? அதே அலட்சியம் இப்போது ஒளித்தகடுகளில் வந்த விளையாட்டுகளின்பால் காட்டப்படுகின்றதென்பது எம் அபிப்பிராயம்.

நம் நாட்டார் இயற்றிய விளையாட்டுகளும் அவற்றுள் உள. ஹைதராபாத்தில் ஆக்கப்பெற்ற ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009-இல் ப்ளேஸ்டேஷன் 2 என்னும் கருவிக்கென வெளிவந்தது. கபடி, கில்லி, பட்டம் விடுதல் முதலியவற்றைக் கொண்ட ‘தேசி அட்டா’வும் அக்கருவிக்கே வந்தது. 2013-இல் அக்கருவியின் உற்பத்தியே நின்றுபோயிற்று. இனி அத்தகடுகள் புதிதாய் அச்சிடப்படுவது அரிது. இருப்பவற்றைப் பேணுதலும், இன்னது எதுவென்று எழுதி வைத்தலுமே நமக்கு எஞ்சிய வேலை.

பெயரை எழுதினால் போதாதோ எனின், போதாது. தகட்டின் முகப்பில் நான்கு எழுத்தும் ஐந்து இலக்கமும் கொண்ட வெளியீட்டெண் உண்டு. ஆயின் பிழை திருத்திய பிற்பதிப்பும் சில வேளை அவ்வெண்ணையே தாங்கி வரும். உண்மை வரலாறு தகட்டின் அடிப்புறத்தே, நடுத்துளையைச் சூழ்ந்த சிறு வளையத்தில் இருக்கின்றது. ஒளித்தகடு அச்சிடுவோர் முதலில் கண்ணாடி மூலமொன்றில் லேசர் ஒளியாற் பதிவு செய்வர்; அதினின்று நிக்கல் அச்சு எடுத்து, அவ்வச்சினால் உருகிய பிளாஸ்டிக்கில் தகடுகளை வார்ப்பர். வளையத்தில் மின்னும் நீண்ட எண் அம்மூலத்தைக் குறிப்பது. அதனருகே ஐ.எப்.பி.ஐ. என்னும் எழுத்துக்களின்பின் ‘எல்’ என்று தொடங்குவது, பதிவு செய்த இயந்திரத்தின் குறி. துளையையொட்டிய தெளிந்த பாகத்தில், கண்ணுக்கு எளிதில் புலப்படாது புடைத்து நிற்பது வார்ப்பச்சின் குறி. இவ்விரு குறிகளும் 1994 முதல் வழக்கிற்கு வந்தவை. ஓலைச்சுவடியின் இறுதியில் பிரதி செய்தவன் தன் பேரும் ஊரும் நாளும் எழுதி வைத்ததற்கு இவை ஒப்பாகும்.

வாசிக்கும் முறை கடினமன்று, பொறுமையே வேண்டும். தகட்டை விளிம்பில் பிடித்து, கறுப்புத் துணியின்மேல், பக்கவாட்டில் விழும் விளக்கொளியிற் சாய்த்து, பூதக்கண்ணாடியாற் பார்க்க. சுழியத்தை ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தென்றும், எட்டை ‘பி’ என்றும் மயங்குதல் எளிது. ஐயமுள்ள இடத்தில் ஐயக்குறியே இடுக. ஊகித்து நிரப்பிய எண் எண்ணில்லாமையினும் கேடு. எழுத்துக்களிடையே உள்ள இடைவெளியையும் விடலாகாது. இரட்டை அடுக்குத் தகடாயின் இரண்டு அடுக்கின் குறிகளையும் தனித்தனி எழுத வேண்டும். கடைத்தெருவில் மலிந்திருந்த நகல் தகடுகளில் மூல விளையாட்டின் வளைய எண் இராது. வெற்றுத்தகட்டின் எண்ணே காணும். அவற்றையும் நகலென்று குறித்து வைப்பதே நேர்மை என்போம்.

இதற்கு நல்ல முன்மாதிரி ஏற்காட்டிலேயே உளது. இந்தியத் தாவர ஆய்வுத் துறையார் அங்கே 1963 முதல் நடத்திவரும் ஆர்க்கிட் தோட்டத்தைக் காணச் சென்றோர் அறிவர். தாவர நூலார் ‘அழகிய பூ’ என்று எழுதி அமைவதில்லை. எங்கே, எந்நாள், எவர் சேகரித்தது, எண் யாது என்பன எல்லாம் ஏட்டில் ஏறும். சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்னும் அரிய மரத்தை வேறொன்றோடு மயங்காது நாம் அறிவது அத்தகைய பதிவினாலன்றோ? தகட்டிற்கு மட்டும் பெயரொன்றே போதுமென்பது எவ்வாறு பொருந்தும்?

மற்றொன்று. சுமார் 5,000 அடி உயரத்திலுள்ள அம்மலையின் மூடுபனியும் ஈரமும் காப்பிக்கு ஏற்றவை; தகட்டிற்கு ஏற்றவையல்ல. காகித உறை பூஞ்சை பிடிக்கும். குறுந்தகட்டில் ஒளி மீட்டும் அலுமினியப் படலம் முகப்பு மையின் கீழ் மெல்லிய அரக்குப் பூச்சொன்றையே காவலாகக் கொண்டிருத்தலின், அங்கே கீறல் விழுமாயின் ஈரம் புகுந்து படலம் அரிக்கும். ஆகவே முகப்பின்மேல் பேனாவால் எண் எழுதுவாரை நாம் கைகூப்பி வேண்டுவது, எழுத வேண்டிய இடம் குறிப்பேடே என்பதாம்.

விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை உழைப்பா என்று நம் ஆசிரியருள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நம் நூல்நிலையத்தார் ஒரு பேரேடும், ஒரு பூதக்கண்ணாடியும், ஒரு சன்னலோர மேசையும் உதவினாற் போதும். மலைமேலுள்ள விடுதிப் பள்ளிகளிற் பயின்று நம் கலாசாலைக்கு வரும் மாணாக்கர், வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கும் பழந்தகடுகளை ஐப்பசி மழைக்கு முன்னரே கொண்டுவருவாராக. பதிந்தபின் தகடு உரியவர்க்கே திருப்பித் தரப்படும். பேரேடு மட்டும் நூல்நிலையத்தில் இருக்கும்.