கூடாரத்தைப் பரணில் ஏற்ற வேண்டுமா?



விடுமுறை நெருங்கினால் எங்கள் வீட்டு மேசைக்கு வரைபடம் வந்துவிடும். ரவாங்கிலிருந்து வடக்கே கிரிக் சென்று, கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் மலையைக் கடந்து ஜெலியில் இறங்கி, கிழக்குக் கரையோரமாகக் குவாந்தான் வந்து, காராக் வழியாக வீடு திரும்புவோம். மகிழுந்தின் பின்புறத்தில் கூடாரம், அடுப்பு, அரிசி. 1982-இல் திறக்கப்பட்ட அந்த நெடுஞ்சாலையில் யானை எச்சரிக்கைப் பலகையைக் கண்டதும் பிள்ளைகள் எழுப்பும் கூச்சலை என் எந்த நிலவியல் பாடமும் எழுப்பியதில்லை. தெமெங்கோர் ஏரியில் விடிந்து எழுந்த பிள்ளைக்கு 'மூடுபனி' என்ற சொல்லை விளக்கவும் வேண்டாம்.

ஆனால், 2022 டிசம்பர் 16-க்குப் பிறகு இதைச் சொன்னாலே பெற்றோர் முகம் மாறுகிறது. செரண்டாவைத் தாண்டினால் பத்தாங்காலி. நமக்கு அடுத்த ஊர். கெந்திங் செல்லும் சாலையோர முகாமில் உறங்கியவர்கள் மீது அன்று அதிகாலையில் மலைச்சரிவு இடிந்தது. 31 பேர் மாண்டனர். சிறுவர்களும் அதில் அடக்கம். "டீச்சர், எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போங்கள், கூடாரம் மட்டும் வேண்டாம்" என்கிறார்கள். அந்த அச்சத்தை நான் குறை கூறமாட்டேன்.

எனினும், குற்றம் கூடாரத்தினுடையதா? அவ்விடத்தில் முகாம் நடத்த உரிமம் இல்லை என்று அரசாங்கமே அப்போது தெரிவித்தது. கனடாவில் 7,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நெடுஞ்சாலையில் குடும்பங்கள் கூடாரத்தோடு பயணம் செய்கின்றன. அங்குள்ள தேசியப் பூங்காக்களில் கூடாரமடிக்கும் இடத்துக்கு எண் உண்டு; முன்பதிவு உண்டு; கரடி வரும் என்பதால் உணவை வெளியே வைக்கவும் தடை உண்டு. நாமோ கழிவறை உண்டா, கோழி வாட்ட அடுப்பு உண்டா என்று மட்டுமே கேட்கிறோம். பின்னால் இருப்பது மலைச்சரிவா, நகராண்மைக் கழகத்தின் உரிமம் உள்ளதா என்று கேட்பவர் எத்தனை பேர்?

பருவமும் முக்கியம். ஆண்டிறுதி விடுமுறையில் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். அப்போது விடுதியில் தங்கலாம். கூடாரத்தை ஆண்டு நடுவில் வரும் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆற்றோரம் அழகுதான். ஆனால் மேலே மழை பெய்தால், கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் பாய்ந்து வரும். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயேர்' என்பது இதைத்தான்.

சென்ற முறை ஒரு முகாம் உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து உரிமத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். "இதையெல்லாம் யாரும் கேட்டதில்லையே" என்று சிரித்தார். நாங்கள் வேறிடம் தேடிக்கொண்டோம்.