மூன்றில் ஒரு பங்கு



நம் பள்ளிச் சுற்றுச்சுவருக்கு 'நமக்கு நாமே' திட்டத்தில் விண்ணப்பிக்கிறோம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது மக்கள் கட்டினால், மீதியை அரசு தரும். மதிப்பீடு 6 லட்சம். நம் பங்கு 2 லட்சம்.

வெளிநாட்டிலிருக்கும் மாணவன் ஒருவன், "மொத்தத்தையும் நானே போட்டுடறேன் சார்" என்றான். மனம் குளிர்ந்தது. ஆனாலும் வேண்டாம் என்றேன்.

முன்பு ஒரே ஆள் கட்டித் தந்த கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்கக்கூட ஆளில்லை. தன் பணம் நூறு ரூபாய் போயிருந்தால், கலவை போடும்போதே வந்து நின்று கேட்பார்கள். நாளை விரிசல் விட்டாலும் கேட்பார்கள். அரசு நம்மிடம் பங்கு கேட்பதில் எனக்குப் பிடித்தது இதுதான்.

அவனிடம் ஐயாயிரம் மட்டும் வாங்கிக்கொண்டேன். நோட்டில் இன்னும் நிறைய பக்கம் காலியாக இருக்கிறது. உங்கள் பெயரை எழுதக் காத்திருக்கிறேன்.