அலகு தவறிய விண்கலம்

1999 செப்டம்பர் 23-ஆம் நாள், அமெரிக்காவின் ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலம் செவ்வாய்க் கோளின் பின்புறம் மறைந்தது, மீண்டு வரவில்லை. நம் பௌதிக ஆய்வகத்தில் அன்றாடம் மதிப்பெண் குறைக்கப்படும் பிழைதான் காரணம்: அலகு! சிறு உந்திகளின் கணத்தாக்கைத் தரையிலிருந்த ஒரு மென்பொருள் பவுண்டு-வினாடியில் தந்தது. வழிகாட்டும் குழுவோ அதை நியூட்டன்-வினாடி என்றே எடுத்துக்கொண்டது. வேறுபாடு ஏறத்தாழ 4.45 மடங்கு. சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்லவேண்டிய கலம் 57 கிலோமீட்டர் வரை தாழ்ந்துவிட்டது என்று பின்னர் கணக்கிட்டனர்.

விதி இல்லாமலில்லை. மெட்ரிக் அலகிலேயே தரவேண்டும் என்று ஆவணத்தில் எழுதியிருந்தது. எழுதியதோடு சரி.

வங்கி, ரயில்வே போன்ற பெரிய நிறுவனங்களில் இன்று பல கணினி அமைப்புகள் இயங்குகின்றன. எது எதற்கு, எந்த வடிவில் விவரம் தரவேண்டும் என்பதற்கான முழுத் திட்டத்தை ‘எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்’ என்பர். அதைக் காக்க ஒரு குழு இருக்கும். தவறு நேர்ந்தால் குழுவுக்கு இன்னும் அதிகாரம், இன்னொரு கையெழுத்து என்றே பேசுகிறார்கள். எனக்கு இது உடன்பாடில்லை. கையெழுத்து முதல்நாள் விழுகிறது. பிழை பிறப்பதோ அதற்குப் பின்வரும் நாட்களில்.

தொழிற்சாலைக்காரர்கள் இதை முன்பே உணர்ந்தனர். 1924-இல் வால்டர் ஷூஹார்ட் கட்டுப்பாட்டு வரைபடத்தை வகுத்தார். பொருளை முடித்தபின் சோதித்துக் கழிப்பதற்குப் பதிலாக, வேலை நடக்கும்போதே அளந்து புள்ளியிடுவது. புள்ளி எல்லையைத் தாண்டினால் நிறுத்திக் காரணம் தேடுவது. (புள்ளியியல் துணைப்பாடத்தைத் தேர்வோடு மறப்போருக்கு இது நினைவிருக்குமோ என்னவோ!) அவ்விண்கலத்துக்கும் அத்தகைய புள்ளிகள் இருந்தன. எண்கள் ஒத்துவரவில்லை என்பதை வழிகாட்டும் குழுவினர் முன்னரே கண்டனர். ஆனால் அதை முறைப்படி பதிவுசெய்யாமல், மின்னஞ்சலில் பேசித் தீர்க்கப் பார்த்தனர்.

மென்பொருளை ஆணிபோல் அளக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் இந்த வாரம் எத்தனை பரிமாற்றங்கள் விதியிலிருந்து விலகின, எழுப்பிய ஐயம் எத்தனை நாள் விடையின்றிக் கிடந்தது என்பவற்றை எண்ணலாமே. ஒப்புதலளித்த திட்டங்களின் பட்டியலை விட்டுவிட்டு, இவ்விரண்டையும் வரைந்து குழுவின் அறைச் சுவரில் மாட்டட்டும். கோடு எல்லையைத் தாண்டிய வாரத்தில் புதிய திட்டம் எதற்கும் கையெழுத்து வேண்டாம்.